மாதக் கடைசியில் விசாகப்பட்டினம்



கடற்கரை நகரம் ஒன்றிற்கு வருகிற விருந்தினர் அதிகச் செலவில்லாமல் அதைக் கண்டு களிப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, ஆளறிந்துதான் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளை இந்தியில் ஆக்கித் தருவது என் உத்தியோகம். தமிழுக்கு அந்த அலுவலகத்தில் வேலையில்லை. ஆகையால் தமிழில் பேச யாராவது அழைத்தால் ஓடி வந்துவிடுகிறேன். பதினோரு ஆண்டுகளாக விசாகப்பட்டினத்தில் குடியிருக்கிறேன். வாங்குகிற சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல் கையில் நின்றதாக நினைவில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நம் எல்லோருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். வருவதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வடக்கே உத்தியோகம் பார்க்கிறவன் வசதியாக இருப்பான் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தைக் கலைக்க நமக்கு மனம் வருவதில்லை. நாக்பூரில் இருப்பவருக்கும், ஜாம்ஷெட்பூரில் இருப்பவருக்கும் இந்தச் சங்கடம் ஓரளவோடு நின்றுவிடும். கடற்கரை நகரத்தில், அதுவும் நாலு மாநிலத்து மக்கள் விடுமுறைக்கென்று வந்து குவிகிற நகரத்தில் குடியிருப்பவனுக்கு இது இரட்டிப்பாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதம் 24ஆம் தேதி, என் அக்காவும் அத்தானும் இரண்டு குழந்தைகளுடன் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை. அத்தானுக்கு உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம். பையனுக்குப் பதினைந்து வயது, பெண்ணுக்குப் பதினொன்று. சம்பளம் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் நான் செய்த முதல் காரியம் வாடகைக் கார் ஒன்றை அமர்த்தியதுதான். கைலாசகிரி மலைக்குக் கம்பிவட ஊர்தியில் ஏறினோம். உச்சியிலே இன்னொரு சீட்டு வாங்கிச் சிறிய இரயிலில் சுற்றினோம். அங்கிருந்து ஒரு பூங்கா, அதற்கொரு சீட்டு. படகுச் சவாரி, அதற்கொரு சீட்டு. கிறிஸ்துமஸ் நாளாகையால் எங்கும் கூட்டம். பார்த்த நேரத்தைவிட வரிசையில் நின்ற நேரமே அதிகம். ஒவ்வொரு சாளரத்தின் முன்பும் நான் சற்றே திரும்பி நின்று பணப்பையைத் திறந்து எண்ணிப் பார்த்ததை அத்தான் கவனித்திருக்கிறார். வியாபாரியின் கண்ணுக்கு அது தப்புமா? அன்றிரவு அக்கா என் மனைவியிடம் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் கொடுத்து, "குழந்தைகளுக்குச் செலவுக்கு இருக்கட்டும்" என்றாள். என் மனைவி வாங்க மறுத்துவிட்டாள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் கார் வேண்டாம் என்று அத்தானே சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை, நாங்கள் நடந்து பழகியவர்கள். கடற்கரைக்குப் போவோம்" என்றார்.

இராமகிருஷ்ணா கடற்கரை என்று பெயர் பெற்ற இடம் அது. அங்கே இராமகிருஷ்ண மடத்தின் ஆசிரமம் இருப்பதால் வந்த பெயர். அதிகாலையில் அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. கடலோரச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கு உரியதாகிவிடுகிறது. முதியவர்கள் கைவீசி நடக்கிறார்கள். பிள்ளைகள் நடுச்சாலையில் பூப்பந்து ஆடுகிறார்கள். ஒரு மூலையில் யோகாசனம், ஒரு மூலையில் பஜனை. தெற்கே டால்பின் மூக்கு என்னும் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் ஆறரை மணி வாக்கில் சூரியன் நீரிலிருந்து எழும்போது, அந்தக் குன்றின் கருமை சிறிது சிறிதாகப் பழுப்பாக மாறுவதைப் பார்க்கலாம். இதற்குச் சீட்டுக் கிடையாது. பதினோரு ஆண்டில் இதைக் காண நான் எத்தனை முறை எழுந்து வந்திருக்கிறேன் என்று கேட்டால், வெட்கத்தோடு நாலைந்து முறை என்றுதான் சொல்லவேண்டும்.

நான் இதையெல்லாம் அத்தானுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது பையன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நீரில் இறங்கிவிட்டான். அவன் திருச்செந்தூர்க் கடலில் குளித்து வளர்ந்தவன். அவனுக்குக் கடல் புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு கடலுக்கும் ஒரு குணம் இருக்கிறது. இங்கே கரை செங்குத்தாகச் சரிகிறது. அலை தூரத்திலே உடைந்து தவழ்ந்து வருவதில்லை. கரையிலேயே வந்து உடைகிறது. உடைந்த வேகத்திலே காலடி மணலையும் வாரிக்கொண்டு திரும்புகிறது. முழங்கால் நீரில் நின்ற பையன் ஒரே கணத்தில் இடுப்பளவு நீரில் இருந்தான். இரண்டாவது அலை அவனைப் புரட்டிவிட்டது. கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "வத்து பாபு, வத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினார். தெலுங்கில் அதற்கு வேண்டாம் என்று பொருள். பையனுக்கு அது விளங்கவில்லை. அவர் பாய்ந்து அவன் முழங்கையைப் பற்றி இழுத்துக் கரையில் போட்டார். எல்லாம் நான் மணலில் பத்தடி ஓடுவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா அழுதாள். அத்தான் ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்து பணத்தை எடுத்து அந்த மனிதரிடம் நீட்டினார். அவர் கையை விலக்கினார். நாங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கவேண்டும். "பணம் வேணாம் அண்ணே. எந்த ஊரு?" என்று தமிழிலேயே கேட்டார். ஏழெட்டு ஆண்டு சென்னைக் காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்த்தவராம். நாம் பிழைப்புக்கு வடக்கே வந்தோம். அவர் பிழைப்புக்குத் தெற்கே போய்த் திரும்பியிருக்கிறார். அங்கே தமக்குச் சோறு போட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கடலைக் காட்டிப் பாடம் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்லவேண்டும். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கிற நீர் திரும்பிப் போக வழி தேடும். எங்கேயோ ஓர் இடத்தில் மணல்திட்டு தாழ்ந்திருக்கும். அந்த வாய்க்கால் வழியே அவ்வளவு நீரும் வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இராது, இருபுறமும் வெள்ளையாகப் பொங்கும்போது நடுவிலே மட்டும் கருத்து அமைதியாகத் தோன்றும். புதிதாக வந்தவர் அதைத்தான் பத்திரமான இடம் என்று நினைத்து இறங்குவார். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி வென்றவர் இல்லை. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டத்திலிருந்து விலகிவிடலாம். பிறகு அலையே கரை சேர்க்கும். நீந்தத் தெரியாதவர் அங்கே இறங்காமலிருப்பதே முறை. ஆண்டுதோறும் இந்தக் கரையில் உயிர்கள் போகின்றன. அவர்களில் பலர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். குளித்தே தீரவேண்டும் என்போர் வடக்கே ருஷிகொண்டா கடற்கரைக்குப் போகட்டும். 2020இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கரை அது. உயிர்காப்போர் காவல் இருக்கும் எல்லைக்குள் மட்டும் அங்கும் இறங்கவேண்டும்.

இந்த ஒரு செய்தி எனக்குத் தெரியாததல்ல. பத்திரிகையில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். வண்டி வாடகையையும் சீட்டுக் கட்டணத்தையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவனுக்கு, வந்தவர்களிடம் முதலில் சொல்லவேண்டிய இதைச் சொல்லத் தோன்றவில்லை. அன்று மணலில் உட்கார்ந்திருந்தபோது அதுதான் என்னை அறுத்தது. அதற்குப் பிறகு மீதி நான்கு நாட்களும், பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் பேருந்துக்கு வேண்டிய சில்லறையோடு புறப்பட்டேன்.

மீனவத் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போகவேண்டும். அங்கே அக்கா எனக்கு வழிகாட்டியாகிவிட்டாள். படகுகள் வந்து அணைகின்றன, கூடைகள் இறங்குகின்றன, பெண்கள் சுற்றி நின்று ஏலம் கூறுகிறார்கள். தெலுங்கு அறியாத அக்கா பத்தே நிமிடத்தில் பேரம் பேசத் தொடங்கினாள். நெத்திலி அங்கே நெத்தள்ளு. வஞ்சிரம் அங்கே வஞ்சரம். எங்கள் பக்கத்தில் அந்த மீனைச் சீலா என்பார்கள். "சென்னைக்காரர்கள் பெயரைத்தான் இவர்களும் வைத்திருக்கிறார்கள்" என்று அக்கா சிறிது மனத்தாங்கலோடு சொன்னாள். 2023 நவம்பரில் இதே துறையில் தீப்பிடித்துப் பல படகுகள் எரிந்துபோயின. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த 61 நாட்களில் வருபவர்கள் இந்தக் காட்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

அங்கிருந்து பழைய நகரத்துப் பக்கம் போனால் துறைமுகக் கால்வாயை ஒட்டி அடுத்தடுத்து மூன்று குன்றுகள். ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் வேங்கடேசுவரர் கோயில், ஒன்றில் தர்க்கா. ஏறுவதற்குக் கால்தான் வேண்டும். 1933இல் திறந்த இந்தத் துறைமுகத்திற்குள், இரு மலைகளுக்கு நடுவே ஊசிக்கண்ணில் நூல் கோப்பதுபோலப் பெரிய கப்பலை இழுவைப் படகுகள் இழுத்துவருவதை மாதா கோயில் முற்றத்திலிருந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தான் அங்கிருந்து எழ மனமில்லாமல் எழுந்தார்.

அவருக்கு ஒரு கேள்வி. "விசாகன் என்றால் முருகன். வைகாசி விசாகத்துக்கு எங்கள் திருச்செந்தூரில் கொள்ளாத கூட்டம். விசாகன் பெயரால் ஓர் ஊர் இருக்கிறது. அவன் கோயில் எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டார். விசாகேசுவரர் கோயில் ஒன்று இந்தக் கரையில் இருந்ததென்றும், அதைக் கடல் கொண்டுவிட்டதென்றும் இங்கே செவிவழிச் செய்தி வழங்குகிறது. செய்தி எப்படியானாலும், 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஊருக்குக் குலோத்துங்க சோழப்பட்டினம் என்றும் பெயர் இருந்ததைக் கல்வெட்டுச் சொல்கிறது. முதற் குலோத்துங்கனின் கல்வெட்டு ஒன்று சிம்மாசலம் கோயிலிலும் இருக்கிறது, காலம் 1098-99. அக்கோயிலின் கல்வெட்டுகளில் மிகப் பழையது அதுதான். சிம்மாசலத்துக்கு நகரப் பேருந்து போகிறது. பொதுத் தரிசனம் இலவசம். நரசிம்மரை ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள்ளே உருண்டைத் திரளாகத்தான் காணலாம். அட்சய திருதியை ஒரு நாள் மட்டும் காப்பைக் களைந்து உண்மை உருவைக் காட்டுவார்கள். அன்று கூட்டத்தைத் தாங்கமாட்டாதவர்கள் மற்ற நாட்களில் போவதே நல்லது.

முழுவதும் இலவசமாகவே பார்க்கவேண்டும் என்று நான் பிடிவாதம் செய்யவில்லை. கொடுத்த காசுக்கு நூறு மடங்கு திருப்பித் தருகிற இடங்களும் உண்டு. கடற்கரையில் நிறுத்திவைத்திருக்கும் குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அவற்றில் ஒன்று. சோவியத் நாட்டில் கட்டி 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் அரபிக் கடலில் காவல் சுற்றியது. 2001இல் ஓய்வு பெற்றது. அடுத்த ஆண்டே கரையேற்றி அருங்காட்சியகமாக்கினார்கள். 91 மீட்டர் நீளம். ஆனால் உள்ளே நுழைந்தால் ஒருவர் நடக்கிற அகலம்தான். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே வட்டமான துவாரம். குனிந்து, ஒரு காலை முதலில் நீட்டி, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொள்ளவேண்டும். அத்தான் இரண்டு இடங்களில் தலையை இடித்துக்கொண்டார். நீர்க்கணைகளுக்குப் பக்கத்திலேயே தூங்கும் பலகைகள். ஏறக்குறைய 75 பேர் வாரக்கணக்கில் வெளிச்சம் காணாமல் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். விளக்கிச் சொல்பவர்கள் ஓய்வு பெற்ற கடற்படையினர். எங்களுக்கு வாய்த்தவர் தெலுங்கர். நாங்கள் தமிழர் என்றறிந்து இந்தியை விட்டு எளிய ஆங்கிலத்துக்கு மாறினார். பையன் கேட்ட கேள்வி ஒன்று அவரைச் சற்று நிறுத்திவிட்டது: "உள்ளே இருக்கும்போது வீட்டிலிருந்து கடிதம் வந்தால் எப்படித் தெரியும்?" "தெரியாது" என்றார் அவர். "கரைக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகப் படிப்போம். தேதி பார்த்து அடுக்கி வைத்துக்கொண்டு, பழையதிலிருந்து படிப்போம்." திங்கட்கிழமைகளில் கப்பலுக்கு விடுமுறை. புறப்படுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

எதிரிலேயே டி.யு. 142 என்னும் பெரிய கண்காணிப்பு விமானம். 2017இல் காட்சிக்கு வைத்தார்கள். 29 ஆண்டுகள் கடலைக் காத்தது. ஓய்வு பெறுமுன் அதன் இருப்பிடம் நம் அரக்கோணத்துக் கடற்படை விமானதளம். இரயிலில் போகும்போது அரக்கோணத்தருகே வானத்தில் இரைச்சலிட்டுச் சென்ற விமானத்தை உங்களில் பலர் கண்டிருக்கலாம். அதே இனம்தான் இங்கே சிறகு விரித்து நிற்கிறது. பக்கத்திலே 1971 கடற்போர் வெற்றியின் நினைவுச் சின்னம். அதற்குக் கட்டணமில்லை. டிசம்பர் 4 கடற்படை நாளன்று இந்தக் கரையில் கடற்படையின் ஒத்திகையை இலவசமாகக் காணும் வழக்கம் பல்லாண்டு இருந்தது. 2023 முதல் மையக் கொண்டாட்டத்தை வேறு கடற்கரைகளுக்கும் எடுத்துச் செல்கிறார்கள். ஆகவே அதை நம்பிப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். பழைய டச்சு மாளிகையில் உள்ள விசாகா அருங்காட்சியகத்தையும் சிறு கட்டணத்தில் ஒரு நடை பார்க்கலாம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் இவ்வூர் மேல் குண்டு வீசினார்கள் என்பதை நினைவூட்டும் பொருள் அங்கே இருக்கிறது. கைலாசகிரிக்கும் படிக்கட்டு வழி உண்டு என்பதை முதல் நாள் மறந்துவிட்டேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

பசிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். காலையில் வீட்டிலிருந்து புளியோதரை. மாலையில் கடற்கரையில் முரி மிக்சர். பொரியில் வெங்காயமும் வேர்க்கடலையும் எலுமிச்சைச் சாறும் கலந்து காகிதத்தில் மடித்துத் தருவது. டிசம்பரில் இன்னொன்றும் கிடைக்கும். வண்டியில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்ததைப் பார்த்துப் பெண், "அப்பா, பனங்கிழங்கு!" என்று கூவினாள். இவ்வூரில் அதற்குத் தேகலு என்று பெயர். அத்தான் ஒரு கிழங்கை உரித்து, நடுநரம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வேக வைத்தது போதாது. ஆனாலும் குற்றமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

கடைசி நாளைப் பீமிலிக்கென்று வைத்துக்கொண்டோம். பீமுனிப்பட்டினம் என்பது முழுப் பெயர். 900 என்று தொடங்கும் எண்ணுள்ள பேருந்து இரயில் நிலையத்திலிருந்து கடலோரமாகவே அங்கே போகிறது. வலப்பக்கச் சாளரத்தில் இடம் பிடியுங்கள். வழி நெடுகக் கடல் கூடவே வரும். 2025 ஆகஸ்டு 15 முதல் ஆந்திரப் பெண்களுக்கு இப்படிப்பட்ட பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் கொடுத்திருக்கிறார்கள். இவ்வூர் முகவரி அட்டை வைத்திருக்கிற என் மனைவிக்கு அது கிடைத்தது. இனி அக்கா வந்தால் அவளுக்கு மட்டும்தான் சீட்டு எடுக்கவேண்டும். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இதில் என்ன பேச்சு வருமோ தெரியாது.

வழியிலே தொட்லகொண்டாவில் இறங்கி மலை ஏறினோம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகள் வாழ்ந்த மடம். 1970களில் கடற்படையார் நிலத்தை அளக்கும்போது தற்செயலாகக் கண்டுபிடித்தது. பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகளால் வந்த பெயர். தொட்டி என்பதும் தொட்ல என்பதும் காதில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. துறவிகளின் அறைகளுக்குச் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். ஆனால் அந்த அடித்தளத்தில் உட்கார்ந்தால் கடல் முழுவதும் காலடியில் கிடக்கிறது. துறவிகள் இடம் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரர்கள். பீமிலியில் டச்சுக்காரரின் பழைய கல்லறைகளையும், கோஸ்தனி ஆறு கடலில் கலக்கும் முகத்தையும் பார்த்துவிட்டு நண்பகல் உணவை முடித்தோம். 1861லேயே நகராட்சி பெற்ற ஊர். இன்று அந்த அவசரம் எதுவும் அதனிடம் இல்லை.

திரும்பும்போது வெயில் தாழ எர்ர மட்டி திப்பலுவில் இறங்கினோம். சிவப்பு மண்மேடுகள் என்று பொருள். நான் சொல்லவந்த ஊர்க்காட்சிகளில் எதை மறந்தாலும் இதை மறக்கமாட்டேன். சாலையிலிருந்து சிறிது உள்ளே நடந்தால் கடல் மறைந்துவிடுகிறது. செக்கச் சிவந்த மணலில் மழைநீர் அறுத்த ஓடைகள் ஆளுயரத்துக்கு மேல் சுவர்களாக நிற்கின்றன. ஒரு வளைவுக்குள் போனால் நாம் வந்த வழி தெரிவதில்லை. சாய்ந்த வெயிலில் அந்தச் சுவர்கள் தீயாக எரிகின்றன.

அத்தான் செருப்பைக் கழற்றினார். குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து விரலிடுக்கில் ஒழுகவிட்டார். "மாப்பிள்ளை, இது தேரி அல்லவா!" என்றார்.

தேரிதான். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கங்களில் செம்மணல் குன்றுகளாகக் கிடக்கும் குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தெற்காசியக் கரையில் இத்தகைய செம்மணல் மேடுகள் மிகச் சில இடங்களில்தான் இருக்கின்றன: தமிழ்நாட்டுத் தேரிகள், இந்த விசாகப்பட்டினக் கரை, இலங்கை. பனியூழியில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோய், கடலடி மணல் வெளிப்பட்டுக் கிடந்தது. காற்று அதை வாரிக் கரையிலே குவித்தது. பல்லாயிரம் ஆண்டுகளில் மணற்பருக்கைகளின் மேல் இரும்பு துருவாகப் படிந்து நிறத்தைக் கொடுத்தது. 2014இல் இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்தார்கள். 2025இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. எங்கள் தேரியில் பிறந்தவருக்கு இதெல்லாம் புதுச் செய்தி. "நம் ஊர் மண்ணைக் காண 1,500 கிலோமீட்டர் வந்திருக்கிறோம்" என்று அக்கா சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. "நம் தேரியில் பனை இருக்கிறது. இங்கே முந்திரி இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். பெண் ஒரு சிறு டப்பியில் மணலை நிரப்பிக்கொண்டிருந்தாள். "வருகிறவர்கள் எல்லோரும் ஒரு டப்பி எடுத்தால் என்ன மிஞ்சும்? கொட்டு" என்று அத்தான் சொல்லிவிட்டார். இருட்டும் வரையில் அங்கேயே இருந்தோம்.

இன்னும் அரக்குப் பள்ளத்தாக்கு இருக்கிறது. காலையில் புறப்படும் கிரண்டூல் பயணிகள் இரயிலில் சாதாரண வகுப்புச் சீட்டெடுத்து, சுரங்கத்துக்குச் சுரங்கம் ஏறிப் போகலாம். அதற்கு ஒரு நாள் முழுவதும் வேண்டும். எங்களுக்கு நாள் மிச்சமில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் புயல் பயம் உண்டு. 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹூத்ஹூத் புயல் இந்த நகரத்தைப் புரட்டிப்போட்டதை நேரில் கண்டவன் நான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் வருவதுதான் சுகம்.

இரயில் நிலையத்தில் அத்தான் என்னிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். கருப்பட்டி என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். "இது அந்தக் கடற்கரைக்காரருக்கு. நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்" என்றார். உங்களுக்கு இல்லையா என்று என் மனைவி கேலி செய்தாள். மறுநாள் விடியற்காலையில் எழுந்து போனேன். அவர் படகில் போயிருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் பார்க்க முடிந்தது. பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்து, "உடன்குடியா?" என்று கேட்டார். காசிமேட்டில் தமக்குச் சோறு போட்ட அம்மா அந்தக் கருப்பட்டியில்தான் காப்பி போட்டுக் கொடுப்பாராம்.